கவசத்தின் முதுகு

உக்லிச்
1874, பிப்ரவரி 2

சவேலி,

'அன்புள்ள' என்று தொடங்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறாள் என் மகள் கபித்தலீனா. என் பேனாவுக்கு அந்தப் பொய் வரவில்லை.

அம்மா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில் நீ செய்ததைத் தெரு இன்னும் பேசி முடிக்கவில்லை. தேனூற்றிய கோதுமைச் சோறு மேஜையில் இருக்கிறது. பாதிரியார் இன்னும் வாய்கூடத் துடைக்கவில்லை. நீ அம்மாவின் மாதா படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அப்பத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அங்கே கிடத்தி, கோட்டுப் பையிலிருந்து குறடை எடுத்தாய். துக்க வீட்டுக்குக் குறடோடு வருகிறவன் இந்த ராஜ்ஜியத்தில் நீ ஒருவன்தான். முகமும் கையும் தவிர மற்றதை மூடியிருந்த வெள்ளிக் கவசத்தை உரித்து, சாக்கில் சுற்றி, ஆணிகளைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய்விட்டாய்.

நான்தான் சொன்னேன், மறுக்கவில்லை. "படம் மகனுக்குத்தான் சேரணும்" என்று நீ ஆரம்பித்தாய். எனக்கு ஆத்திரம் வந்தது. "அமிலத் தொட்டியில சாமி செய்யறவனுக்கு மாதா எதுக்கு? உனக்குத் தகடு போதும், எடுத்துட்டுப் போ!" என்றேன். கோபத்தில் சொன்ன சொல்லை உத்தரவு மாதிரி நிறைவேற்றுவது உன் பிறவிக் குணம்.

கவசம் வந்ததும் உள்ளே என்ன இருந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். மாதாவின் முகம், குழந்தையின் முகம், ஆசீர்வதிக்கும் சின்னக் கை. மற்றதெல்லாம் மொட்டைப் பலகை. சாயமே இல்லை. கபித்தலீனாவை மருமகளாக எடுக்கப்போகும் ரகோசினா அம்மாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "ஐயோ கிளஃபீரா நிகானொரவ்னா, இத்தனை வருஷமா பலகைக்கா கும்பிடு போட்டீங்க?" என்று கேட்டாள். எல்லார் காதிலும் விழுந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம். கோயிலுக்குக் கிளம்பும் முன் தாய்வீட்டுப் படத்தைப் பெண் தலைக்கு மேல் பிடித்து ஆசீர்வதிக்க வேண்டும். நான் எதைப் பிடிக்கட்டும்? விறகையா?

கவசத்தை அனுப்பு.

கிளஃபீரா

---

பீட்டர்ஸ்பர்க், வசீலி தீவு
1874, பிப்ரவரி 11

மதிப்புக்குரிய கிளஃபீரா நிகானொரவ்னா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பாதிரியாரைச் சாட்சி வைத்துக் கொடுத்த பொருளை அஞ்சலில் திருப்பிக் கேட்பது உக்லிச் வழக்கமாக இருக்கலாம். எங்களிடம் கிடையாது.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. தாங்கள் 'அமிலத் தொட்டி' என்று சொல்வதில் மயில்துத்தம் கரைத்த தண்ணீர் இருக்கிறது. அச்சை அதில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் செம்பு தானாகவே அச்சின்மேல் படிந்து வளரும். இந்த ஊரின் பெரிய கோயிலில் நிற்கும் தேவதூதர்கள் அப்படி வளர்ந்தவர்கள்தாம். பேராயர் அவர்களுக்குக் கீழே நின்றுதான் பூசை செய்கிறார், தொழிலாளி எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினான் என்று அவர் கேட்டதில்லை. அதே கோயிலின் குவிமாடத்துக்குப் பழைய முறையில் பாதரசம் காய்ச்சித் தங்கம் பூசியவர்கள் பல் உதிர்ந்து செத்தார்கள். அது தங்களுக்குப் பக்தியாகத் தெரிந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மொட்டைப் பலகை பற்றி: கவசம் மூடுகிற இடத்துக்கு எந்த ஓவியன் சாயம் செலவழிப்பான்? பாதி ருஷ்யாவின் வீட்டுப் படங்கள் அப்படித்தான். தங்கள் சம்பந்தி அம்மாளைத் தன் வீட்டுப் படத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தெரேந்தி அத்தான் தன் தொத்திறைச்சிக்குள் எதை அடைக்கிறார் என்று நான் என்றாவது கழற்றிப் பார்த்தேனா?

கவசம் என்னிடமே இருக்கும்.

ச. நிகானொரவிச்

---

உக்லிச்
பிப்ரவரி 19

சவேலி,

'தங்கள்', 'அவர்களுக்கு'. உனக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான். பட்டணத்து மரியாதையை உன் முதலாளியிடம் காட்டு.

நீ சொன்னதை ரகோசினாவிடம் அப்படியே சொன்னேன். "உங்க வீட்டுப் படத்தையும் கழட்டிப் பாருங்களேன், மொட்டையாத்தான் இருக்கும்" என்றேன். அவள் முகம் கடுத்துவிட்டது. "எங்க வீட்டுல குறடு எடுத்துட்டு வர்ற தம்பி யாரும் இல்லீங்க" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்று, "வெள்ளிக் கவசம் போட்ட படம் பொண்ணு தலைக்கு மேல இருக்கணும். இல்லேன்னா ரீபின்ஸ்க்ல பொண்ணுங்களுக்குப் பஞ்சமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கபித்தலீனா அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவில்லை. பையன் நல்லவன், சவேலி. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. உன் கோபத்துக்கு அவள் என்ன பாவம் செய்தாள்?

வெயில் ஏற ஆரம்பித்தால் ரீபின்ஸ்க் வழி சேறாகும், சறுக்குவண்டி ஓடாது. அதற்கு முன் அனுப்பு. அனுப்பும்போது மாதாவின் தோளில் இருக்கும் பள்ளத்தை நிமிர்த்தி அனுப்பு. ரகோசினாவின் கண் ஊசிக் கண்.

எந்தப் பள்ளம் என்று கேட்காதே. என் பொம்மையின் தலைமுடியை நீ வெட்டியதற்காக நான் எறிந்த பித்தளைக் குழவி. நீ குனிந்துகொண்டாய், மாதா வாங்கிக்கொண்டாள். அம்மா இரண்டு பேரையும் பட்டாணி மேல் முட்டிபோட வைத்தாளே, அது.

கி.

---

பீட்டர்ஸ்பர்க்
பிப்ரவரி 28

கிளஃபீரா நிகானொரவ்னா,

பள்ளத்தை நிமிர்த்தச் சொன்னதால் கவசத்தைத் திருப்பிப் போட்டுக் கரியைக் கழுவினேன். நல்லதாயிற்று. இப்போது தங்களிடமும் தெரேந்தி அத்தானிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

வெள்ளி எங்கே?

இது செம்பு. மேலே வெள்ளி முலாம், உள்ளே செம்பு. எங்களைப் போன்ற பட்டறையில் தொட்டியில் வளர்ந்தது. தட்டி எடுத்த வெள்ளித் தகடாக இருந்தால், முன்னால் பள்ளம் விழுந்த இடத்தில் பின்னால் புடைத்திருக்க வேண்டும். இதில் முன்னால் பள்ளம் இருக்கிறது, பின்னால் அந்த இடத்தில் புடைப்பே இல்லை, செம்பு மரு மாதிரி திரண்டு கிடக்கிறது. அதாவது குழவி பட்டது இந்தத் தகட்டின்மேல் அல்ல. குழவி பட்ட அசலிலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சில் இதை வளர்த்திருக்கிறார்கள். பள்ளமும் சேர்ந்து பிரதியாகிவிட்டது.

கீழ் மூலை வேறு. அது முன்னும் பின்னும் சேர்ந்தே வளைந்திருக்கிறது. தங்கள் கல்யாணத்தன்று தொங்குவிளக்கு அறுந்து விழுந்ததே, அந்த அடி இந்தத் தகடே வாங்கியது. ஆக, குழவிக்குப் பிறகு, தங்கள் கல்யாணத்துக்கு முன் யாரோ அசலை எடுத்துக்கொண்டு பிரதியை மாட்டியிருக்கிறார்கள். அந்த வருடங்களில் நான் இங்கே பட்டறையில். வீட்டில் இருந்தது தாங்கள். தங்களுக்குச் சீர்வரிசை வேண்டியிருந்தது. கணக்கு எனக்கு வருகிறது.

செய்தவன் கெட்டிக்காரனும் அல்ல. அச்சின் ஆழங்களுக்கு மின்சாரம் எட்டுவதற்காக மெல்லிய கம்பிகளை உள்ளே முறுக்கி வைப்போம். வேலை முடிந்ததும் வெட்டினாலும் நுனி பின்னால் ஒட்டியே தங்கும். அச்சில் பள்ளம் புடைப்பாகத்தான் நிற்கும்; இந்த முட்டாள் ஒரு கம்பியை அந்தப் புடைப்பின் அருகிலேயே வைத்திருக்கிறான், அதனால்தான் அந்த மரு. முறுக்கெல்லாம் இடப்பக்கம். எந்தப் பட்டறையிலும் எல்லோரும் வலப்பக்கம்தான் முறுக்குவார்கள். என் கீழ் வேலை செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

வெள்ளிக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு கல்யாணம் பேசலாம்.

சவேலி

---

உக்லிச்
மார்ச் 9

சவேலி,

உன் கடிதத்தைத் தெரேந்தி படித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நாள் முழுக்கக் கறி கொத்தும் சத்தம் தெருவுக்கே கேட்டது. என் சீர்வரிசை இரண்டு இறகு மெத்தையும் ஒரு பழைய சமோவாரும். சமோவார் இன்னும் ஒழுகுகிறது, வந்து பார்.

என்னைத் திருடி என்றாய். சரி. நீ எழுதியதையே எடுத்துக்கொண்டு நானும் கணக்குப் போடுகிறேன்.

இடப்பக்கம் முறுக்கு என்றாய். நம் வீட்டில் இடதுகைக்காரன் யார்? நீ இடது கையால் சிலுவை போடுவதைப் பார்த்துவிட்டு அப்பா அந்தக் கையைத் துண்டால் பெஞ்சோடு கட்டிவைத்தாரே, மறந்துவிட்டதா? பட்டறையில் உன்னை வலது கைக்கு அடித்துத் திருப்பினார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். திருப்புவதற்கு முன் நீ எந்தப் பக்கம் முறுக்கினாய்?

இன்னும் கேள். எனக்குக் கல்யாணமாவதற்கு முந்தின வருடம், பட்டாளத்துக்கு ஆள் பிடித்த வருடம். தவக்காலத்தில் அம்மா பீட்டர்ஸ்பர்க் புனிதரைக் கும்பிடப் போகிறேன் என்று கிளம்பினாள். அம்மா அதற்கு முன் ரீபின்ஸ்க்கைக்கூடத் தாண்டியதில்லை. அவள் போன அன்றிலிருந்து சாமி மூலை காலி. "படம் எங்கப்பா?" என்று கேட்டேன். "கழுவக் குடுத்திருக்கு. உனக்கென்ன?" என்றார் அப்பா. அம்மா திரும்பி வந்து படத்தை மாட்டியபின், ஒரு ஈஸ்டருக்கும் என்னைச் சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்க்க விட்டதில்லை. "துணி போதும்டி! தேய்க்காதே!" என்று சாகும்வரை கத்தினாள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஊர் மன்றப் பட்டியலில் உன் பெயர் இருந்தது. உனக்குப் பதில் பீப்பாய்க்காரர் மகனை விலை பேசி அனுப்பினார்கள். அவன் திரும்பி வரவில்லை. பணம் யார் கொடுத்தது? "பட்டறை குடுத்தது, என் கைக்காகக் குடுத்தது" என்று குடிக்கும்போதெல்லாம் நீ சொல்லிக்கொள்கிறாய். எந்தப் பட்டறைடா உக்லிச்சுக்கு வந்து பீப்பாய்க்காரரிடம் பேரம் பேசியது?

வெள்ளி எங்கே என்று கேட்டாய். நீ எதன்மேல் நிற்கிறாய் என்று குனிந்து பார்.

கிளஃபீரா

---

பீட்டர்ஸ்பர்க்
மார்ச் 15

பொய். என் கை வேலை எனக்குத் தெரியாதா? மேலதிகாரியே கையெழுத்துப் போட்டு என்னை மீட்டார். நீ அங்கே இருந்தாயா? தொத்திறைச்சிக் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பட்டறைக் கதை சொல்லாதே. இனி எழுதாதே.

ச.

---

உக்லிச்
மார்ச் 20

எழுதுவேன். இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது. ரகோசினா நேற்றும் கேட்டனுப்பினாள். உன்னோடு சண்டை போட எனக்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது, கபித்தலீனாவுக்கு இல்லை. வெள்ளியோ செம்போ, அனுப்பித் தொலை.

கி.

---

பீட்டர்ஸ்பர்க்
மார்ச் 23

அக்கா,

கவசத்தை இன்றைய ரயிலில் ரீபின்ஸ்க்குக் கொடுத்துவிட்டேன். அங்கே நிலையத்தில் எடுத்து வைத்திருப்பார்கள். அத்தானை உடனே அனுப்பு.

அன்று மேஸ்திரியாக இருந்த கோந்த்ராத் இப்போது ஆற்றுக்கு அக்கரையில் ஒஹ்தாவில் மகளோடு இருக்கிறார். உன் கடிதம் பொய் என்று அவர் வாயால் சொல்ல வைத்து உனக்கு எழுத வேண்டும் என்றுதான் போனேன். கவசத்தை அவர் மடியில் வைத்தேன். கண் சரியாகத் தெரிவதில்லை, விரலால் தடவினார். தோளில் விரல் நின்றது.

"இது உக்லிச் அம்மாவோடது" என்றார்.

 அவரே பேசினார். "சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. வெள்ளிக்கு விலை பேசியாச்சு, குடுக்கறதுக்கு முன்ன பிரதி வேணும், பையனுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. தெரிஞ்சா அவன் ரோஷக்காரன், பட்டாளத்துக்கே போயிடுவான்னாங்க. அச்சு நான் எடுத்தேன். தொட்டி அந்த வாரம் உன் முறை. நான் என்ன செய்யறது? உன்னை வேற தொட்டிக்கு மாத்தினா ஏன்னு கேப்பே."

எனக்கு அந்த அச்சு நினைவு வந்தது. அச்சில் எல்லாம் தலைகீழ். துணி மடிப்பு குழியாக இருக்கும், பென்சில் கரித்தூள் பூசிக் கறுப்பாக இருக்கும். இதே மாதிரி கசான் மாதா அச்சுகள் மாதம் நாலைந்து வரும், எது எவர் வீட்டது என்று யார் பார்க்கிறார்கள்? தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புடைப்பு இருந்தது. அச்சில் விழுந்த பிசிறு என்று நினைத்துக் கத்தியால் சீவப் போனேன். கோந்த்ராத் என் கையில் ஓங்கி அடித்தார். "இடதுகையா! தொடாதே! ஒரு பொட்டுகூட மாறக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்கு" என்றார். 'எந்த அம்மா, பள்ளத்துக்குக்கூடவா காசு கொடுக்கிறாள்' என்று சிரித்தேன்.

அதே வாரம் அம்மா பட்டறை முற்றத்துக்கு வந்து முட்டைக்கோஸ் பணியாரம் கொடுத்தாள். புனிதரைக் கும்பிட வந்தேன் என்றாள். மற்ற பையன்கள் அவளுடைய கம்பளிச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் போகச் சொன்னேன்.

பள்ளத்தை நிமிர்த்தச் சொல்லியிருந்தாய். செய்யவில்லை. தொட்டியில் வளர்ந்த செம்பைச் சுத்தியலால் தட்டினால் வெடிக்கும் என்று காரணம் சொல்லலாம். அது மட்டும் காரணமில்லை.

வெள்ளி புதிதாக ஏற்றியிருக்கிறேன், தடிமனாக. இனி சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்க்கலாம். உன் சம்பந்திக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளி என்றே சொல்லிக்கொள்.

கல்யாணத்துக்கு வர மாட்டேன். உன் விருந்து மேஜையில் என்னை யாரும் பார்க்க விரும்ப மாட்டார்கள். நீ பேசியதும் நான் மறக்கவில்லை.

சவேலி

---

உக்லிச்
ஏப்ரல் 9

சவேலி,

தெரேந்தி ரீபின்ஸ்க் போய் வந்தார். வரும் வழியில் சறுக்குவண்டி சேற்றில் இறங்கி, கடைசிப் பகுதியைக் கவசத்தை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே வந்தார். பூட்சைக் கழற்ற முடியவில்லை, கத்தியால் கீறி எடுத்தோம். உன்னைத் திட்டினார். நான் தடுக்கவில்லை.

கல்யாணம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று சொல்கிறேன், உனக்காக அல்ல, சொல்லாவிட்டால் எனக்கே பொறுக்காது.

பெண்ணும் பையனும் ஆட்டுத்தோல் விரிப்பில் முட்டிபோட்டிருந்தார்கள். நான் படத்தை எடுக்கப் போகும்போது ரகோசினா குறுக்கே வந்தாள். "குடுங்க, ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று இரண்டு கையாலும் வாங்கினாள். கை சற்றுத் தாழ்ந்தது.

"வெள்ளித் தகடு மெல்லிசா இருக்குமே, இவ்வளவு கனமா?" என்றாள்.

 தெரேந்தி இருமினார். கபித்தலீனா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். 'வெள்ளி' என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. நீ வெள்ளி ஏற்றி அதையும் பளபளப்பாக்கியிருக்கிறாய், படுபாவி, தூரத்திலிருந்தே தெரிகிறது.

"செம்புங்க. மேலதான் வெள்ளி. வெள்ளிக் கவசத்தை எங்கம்மா வித்துட்டாங்க. இது என் தம்பி செஞ்சது" என்றேன்.

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, பையன் காதில் விழாமல், "எங்க வீட்டுதை நானும் கழட்டிப் பாத்தேன், கிளஃபீரா. முகம் மட்டும்தான் இருக்கு" என்றாள். படத்தைத் திருப்பி என் கையில் வைத்தாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க, குதிரை நிக்க மாட்டேங்குது."

பண்ணினேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. துக்க மேஜையில் குறடு எடுத்தவன் குறடு எடுத்தவன்தான். என்னைத் திருடி என்று எழுதியது உன் கை, இடதோ வலதோ. அம்மாவைச் சீக்கிரம் போகச் சொன்னதையும் படித்தேன், அதைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். பீப்பாய்க்காரர் மகனுக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். உன் பெயரில் கொடுக்கவில்லை. அதை நீயே கொடு.

இன்னொன்று. நீ அன்று பொறுக்கிக்கொண்டு போன ஆணிகளில் ஒன்று பொட்டலத்தில் இல்லை. கீழே அந்த வளைந்த மூலை ஆணி இல்லாமல் எழும்பி நிற்கிறது. கதவைச் சாத்தினால் மெல்ல அதிர்கிறது. தெரேந்தியின் கடையில் ஒரு டப்பா நிறைய ஆணி இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அடிக்க விடவில்லை.

கிளஃபீரா